கயிற்றைப் பிடித்தவன்

நெல்லிக்காய் என்றதும் தமிழர்களாகிய நமக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று ஊறுகாய், மற்றொன்று அதியமான். ஊறுகாயைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எங்கள் வீட்டில் அந்த இலாகா வேறொருவர் வசம் இருக்கிறது. அதியமானைப் பற்றியோ, முந்நூறு பக்கங்களுக்கு மேல் ஒரு நாவலே எழுதியிருக்கிறேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர் கடிதம் எழுதிப் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள். யானைமேல் வைத்த அம்பாரி சரியில்லை என்றார் ஒருவர். கோட்டை வாசல் மேற்கே பார்த்திருக்க முடியாது என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் நன்றியுடன் ஒப்புக்கொண்டேன். ஆனால் நாவலில் இருந்த பெரிய பிழையை அவர்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவர்தான் அதைக் கண்டுபிடித்தார். அந்தப் பிழையைப் பற்றியும், அதற்குச் சாட்சியாக இருந்த சில ஆயிரம் தேனீக்களைப் பற்றியும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கதை என் பாட்டியிடமிருந்து ஆரம்பமாகிறது. நெல்லிக்கனிக் கதையைப் பாட்டி சொல்லும்போது, பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாத்திரம் அதில் வரும். அது கருவண்டு. எட்டாத மலைப் பிளவில் ஒற்றை நெல்லி மரம். அந்த மரத்தைச் சுற்றிக் கருவண்டுகள் காவல். ஏறுகிறவனைக் கொட்டிக் கீழே தள்ளிவிடும். அதியமான் அத்தனையையும் தாண்டிக் கனியைப் பறித்து வந்து ஔவைக்குக் கொடுத்தான் என்பாள் பாட்டி. "வண்டு அவனைக் கொட்டலையா, பாட்டி?" என்று நான் கேட்பேன். "ராஜாவை எப்படிடா கொட்டும்?" என்பாள். அந்த வயதுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

பிற்பாடு புறநானூற்றைக் கையில் எடுத்தபோது 91-ஆம் பாட்டைத் தேடிப் பார்த்தேன். உ. வே. சாமிநாதையர் 1894-ல் அச்சேற்றிய நூல் அது. ஔவையார் அந்தப் பாட்டில் அதியமானை வாழ்த்துகிறார். பெரிய மலையின் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் இருந்து கொண்டுவந்த கனி என்கிறார். சிறிய இலைகளை உடைய நெல்லி என்கிறார். அதன் பெருமையைச் சொல்லாமல் தன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தான் உண்ணாமல் எனக்குத் தந்தாயே என்று நெகிழ்கிறார். வண்டைப் பற்றி அந்தப் பாட்டில் பேச்சே இல்லை. ஆனால் பிளவு இருக்கிறது, உச்சி இருக்கிறது, ஏறுவது அரிது என்ற செய்தியும் இருக்கிறது. கருவண்டைப் பிற்காலத்தார் சேர்த்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்பனை செய்தவர்கள் அல்ல, மலை ஏறித் தெரிந்தவர்கள் என்று இப்போது நான் நம்புகிறேன்.

அதியமானும் வெறும் கற்பனைப் புருஷன் அல்ல. தகடூர் என்று சங்க நூல்கள் சொல்லும் அவனுடைய ஊர்தான் இன்றைய தர்மபுரி. பக்கத்திலேயே அதியமான் கோட்டை என்ற ஊர் இருக்கிறது. அசோகனுடைய கல்வெட்டுக்களில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரருடன் சத்தியபுத்திரர் என்று ஒரு பெயர் வரும். அவர்கள் யார் என்று வெகு காலம் பண்டிதர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1981-ல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பை என்ற ஊரில், ஒரு குன்றின் குகையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வரி அகப்பட்டது. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்பது அதன் பொருள். வாதம் தீர்ந்தது. பாட்டில் இருந்த மனிதன் கல்லிலும் இருந்தான். அதுவும் மலைக் கல்லில்!

இந்த உற்சாகத்தில்தான் நாவல் எழுதத் தொடங்கினேன். இருபது வருஷங்களுக்கு முந்தைய சமாசாரம். நெல்லிக்கனி அத்தியாயம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. மலைப் பிளவு என்று எழுதிவிட்டேனே தவிர, மலைப் பிளவை நான் எங்கே கண்டேன்? மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஜாதி என்னுடையது. ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்குப் போய், அங்கிருந்து பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தேன். காவேரி பாறைகளுக்குள் புகுந்து ஒகேனக்கல்லில் விழுகிற பிரதேசம் அது. எங்கே திரும்பினாலும் கல். அந்த ஊரில் மலைத்தேன் எடுக்கிற ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உடம்பு முறுக்கின கயிறு மாதிரி இருந்தது. அவரோடு எப்போதும் அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, இருப்பார்.

"தேன் வேண்டாம், ஐயா. ஒரு பாறைப் பிளவுக்குள்ளே போய்ப் பார்க்கணும். அவ்வளவுதான்" என்றேன்.

"பிளவுல என்னாங்க தம்பி இருக்குது, பாக்கறதுக்கு?" என்று கேட்டார் பெரியவர்.

நான் அதியமானைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஒரு எடம் இருக்குதுங்க. பக்கத்துப் பாறையில தேன் கட்டியிருக்குது. நாங்க ராத்திரிலதான் போவோம், நிலா இல்லாத நாளா பாத்து. நீங்க பகல்ல போவணும்னு சொல்றீங்க. சொன்னபடி கேட்டீங்கன்னா கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் காலையில் அவர் போட்ட உத்தரவுகளைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பையில் பகல் சாப்பாட்டுக்கு வாழைப்பழம் வைத்திருந்தேன். அதை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். கறுப்புக் குடையும் கூடாது. தலைமுடி தெரியாதபடி வெள்ளைத் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும். மேலே போனபின் பேசக்கூடாது. மூச்சைப் பாறைப் பக்கமாகவே விட வேண்டும். ஒரு பூச்சி வந்து மேலே உட்கார்ந்தால் தட்டக்கூடாது; அது போகிற மட்டும் கல்லாக இருக்க வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"தலைக்கு வாசனை எண்ணெ வெச்சிருக்கீங்களா, தம்பி?"

வைத்திருந்தேன். பட்டணத்துக் கடையில் வாங்கிய, மல்லிகையும் சந்தனமும் கலந்த எண்ணெய். உண்மையைச் சொன்னால் திரும்பிப் போய்த் தலை முழுகிவிட்டு வரச் சொல்வார். ஒரு நாள் வீணாகும். "இல்லை" என்றேன்.

அவர் உத்தரவுகளைக் கேட்டு நான் சிரித்தேன் என்றேன் அல்லவா? பின்னாளில் விஞ்ஞானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பி வந்தது. மலைத்தேனீ நம் தோட்டத்துப் பொந்துத் தேனீயைப் போல் ஒளிந்து வாழ்வதல்ல. பாறை விளிம்பின் அடியிலோ உயர்ந்த மரக்கிளையிலோ திறந்த வெளியில் ஒரே ஒரு பெரிய அடையைக் கட்டித் தொங்கவிடும். ஒரு கஜத்துக்கு மேலும் அகலம் போகும். கூரையும் சுவரும் இல்லாத வீடு ஆகையால், தேனீக்களின் உடம்புகளே அதற்குத் திரை. பகைவன் வந்தால் அந்தத் திரையில் ஓர் அலை ஓடும். ஆயிரக்கணக்கான ஈக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்புறத்தைத் தூக்கிக் காட்ட, கரும்பட்டுத் துணியைக் காற்று தடவினாற்போல் அடை முழுவதும் பளபளவென்று மின்னும். பெருங்குளவிகளை விரட்டுவதற்கு அந்த அலை உதவுகிறது என்று ஆஸ்திரிய விஞ்ஞானிகள் 2008-ல் எழுதினார்கள். எச்சரிக்கை அது. அதற்கும் அடங்காதவனுக்குத்தான் கொட்டு.

கறுப்பு நிறம், ஆட்டம், நாம் விடும் மூச்சு, கடும் வாசனை இவை எல்லாம் தேனீயைச் சினமூட்டுபவை. வாழைப்பழத்தின் சூட்சுமம் இன்னும் விசித்திரமானது. தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே நின்றுவிடும், ஈ செத்துப்போகும். ஆனால் நின்றுபோன கொடுக்கு, விஷப்பையோடு தானே துடித்து விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். கூடவே ஒரு வாசனையையும் பரப்பும். பகைவன் இங்கே இருக்கிறான், வாருங்கள் என்று மற்ற ஈக்களுக்கு அது அழைப்பு. அந்த வாசனையில் முக்கியமான பொருள் வாழைப்பழத்தின் மணத்திலும் இருக்கிறது. இதைக் கனடாவில் 1962-ல் கண்டுபிடித்து எழுதினார்கள். பென்னாகரத்துப் பெரியவருக்கு அது எப்போது தெரிந்தது என்று கேட்டால், அவருடைய பாட்டனாருக்கே தெரியும் என்பார்.

அவருடைய பாட்டனாருக்கு மட்டுமா? ஸ்பெயின் தேசத்தில் வலென்சியாவுக்குப் பக்கத்தில் ஒரு குகையில் ஓர் ஓவியம் இருக்கிறது. கயிறு போன்ற ஒன்றைப் பற்றிக்கொண்டு ஓர் உருவம் தொங்குகிறது. ஒரு கையில் கூடை. சுற்றிலும் பெரிய பெரிய ஈக்கள். ஏழெட்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது என்று மதிப்பிடுகிறார்கள். நம் தேசத்திலும் மத்தியப் பிரதேசத்துப் பச்மடியிலும் பீம்பேட்காவிலும் தேன் எடுக்கும் காட்சியைப் பாறையில் தீட்டி வைத்திருக்கிறார்கள். மனிதன் உழுவதற்கு முன்னமேயே மலை ஏறினான். ஏறின அன்றைக்கே கொட்டும் வாங்கினான்.

தமிழில் இதற்கு ஏட்டுச் சாட்சியே உண்டு. தர்மபுரிக்குக் கிழக்கே, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் இருக்கிறது. அந்த ஊரை ஆண்ட நன்னன்மேல் பாடியது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, ஐயரவர்கள் 1889-ல் பதிப்பித்தார். குரங்கும் ஏற முடியாமல் கைவிட்ட செங்குத்தான மலையில், 'மால்பு' நட்டு அதையே வழியாகக் கொண்டு தேன் எடுக்கிறவர்களின் ஆரவாரத்தை அந்தப் பாட்டில் கேட்கலாம். மால்பு என்றால் மூங்கிலின் கணுவையே படியாக வைத்து ஏறும் ஏணி. குறுந்தொகையில் ஒரு பாட்டு, பழைய மால்பு இற்றுப்போயிருப்பதை அறியாமல் ஏறிய அறிவிலியை உவமையாகச் சொல்கிறது. காதலைப் பற்றிய பாட்டுத்தான். ஆனால் அந்த உவமையை எழுதியவனுக்கு யாரோ ஒருவன் விழுந்த செய்தி தெரிந்திருக்கிறது. இத்தனை பாட்டுக்களிலும் ஏணி இருக்கிறது, தேன் இருக்கிறது, ஏறுகிறவன் இருக்கிறான். இன்னொருவன் இல்லை. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் மலையேறின கதைக்கு வருகிறேன். மைத்துனர் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு முன்னதாகவே பாறைக்கு மேலே போய்விட்டார். மேலிருந்து கயிறு இறங்கியது. பெரியவர் அதை என் இடுப்பில் கட்டினார். தம்முடைய இடுப்பில், காய்ந்த புல்லை உள்ளே வைத்துப் பச்சிலையை மேலே சுற்றிய ஒரு பந்தத்தைச் செருகிக்கொண்டார். தோளில் ஒரு பழைய கம்பளி. கயிறு தமக்கு வேண்டாம் என்றார். ஏறினோம். அரை மணி நேரத்தில் பிளவின் வாயருகே ஒரு சிறு திட்டில் நின்றோம். அந்த இடத்தின் குளிர்ச்சியை என்னவென்று சொல்வேன்! உள்ளே இருட்டில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நெல்லி மரம் எதுவும் இல்லை, ஆனால் இருந்திருக்கலாம். அந்த நிமிஷத்தில் நான் அதியமானாகவே ஆகிவிட்டேன் என்றால் மிகையில்லை.

பக்கத்துப் பாறையின் அடியில், இருபது அடி தூரத்தில், கறுப்பாக ஒன்று தொங்கிற்று. அதன்மேல் ஓர் அலை ஓடியது. அழகாக இருக்கிறதே என்று பார்த்தேன். மறுபடியும் ஓடியது. பெரியவர் என் தோளை அழுத்தினார். அப்போது ஓர் ஈ என் தலைத்துண்டின்மேல் வந்து உட்கார்ந்தது; பிறகு இன்னொன்று; காதருகே மூன்றாவது. கல்லாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை எனக்கு முன்னால் முடிவு செய்துவிட்டது. துண்டை உருவி வீசினேன். மல்லிகையும் சந்தனமும் மலைக்காற்றில் கலந்தன.

அடுத்து நடந்ததைக் கோவையாகச் சொல்ல என்னால் முடியாது. காது இரண்டிலும் ஓர் இரைச்சல். கழுத்தில் நெருப்பு வைத்தாற்போல் ஒன்று. பெரியவர் கம்பளியை என் தலைமேல் போர்த்தி என்னைப் பாறையோடு சேர்த்து அழுத்தினார்; பந்தத்தைப் பற்றவைத்திருக்க வேண்டும், புகை நாற்றம் வந்தது. கம்பளிக்குள்ளிருந்து நான் கத்தினேன், கால் வழுக்கியது. கயிறு இறுகி என் முழு எடையும் அதில் தொங்கிற்று. தொங்கினேனே தவிர, ஒரு சாண்கூட இறங்கவில்லை. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாதது போல, கயிறு என்னைக் கீழே இறக்கிற்று. காலில் தரை பட்டதும் பெரியவர் குரல் கேட்டது: "ஓடுங்க! தண்ணிப் பக்கம் போவாதீங்க! குடிசைக்கு ஓடுங்க!"

எனக்குக் கொட்டு ஐந்து. பெரியவருக்குப் பத்துப் பன்னிரண்டு. மைத்துனர் கடைசியாக வந்து சேர்ந்தார். முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. புகை கண்ட ஈக்கள் மேலே எழும்பியிருக்கின்றன; மேலே அவர் இருந்திருக்கிறார். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தவர் எந்தக் கையால் ஈயைத் தட்டுவார்? பெரியவர் நகத்தால் கொடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். நான் எண்ணினேன். முப்பத்தொன்று வந்ததும், "போதும் வுடுங்க, தம்பி" என்றார் மைத்துனர். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாள் காய்ச்சலோடு போயிற்று. தெய்வாதீனம் என்றுதான் சொல்ல வேண்டும். விஷம் ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருந்தால் ஒரே கொட்டிலும் உயிர் போவதுண்டு.

பெரியவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. நான் புறப்படும்போது என் தலையைப் பார்த்து, "வாசனை நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த வார்த்தை உறுத்தியதனால்தான், மலை ஏறுகிறவர்கள் இந்தப் பூச்சிகளிடமிருந்து தங்களைக் காத்துக்கொண்ட சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். "தண்ணிப் பக்கம் போவாதீங்க" என்று அவர் ஏன் சொன்னார் என்பதற்கு ஜபல்பூரில் விடை கிடைத்தது. நர்மதை அங்கே சலவைக்கல் மலைகளைப் பிளந்துகொண்டு போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் பாதை வேலைக்காக வந்த வெள்ளைக்கார இஞ்சினீயர்கள் இருவரை அந்தப் பாறைகளின் தேனீக்கள் துரத்தின. இருவரும் ஆற்றில் பாய்ந்தார்கள். மூழ்கி மூழ்கி எழுந்த ஒருவர் பிழைத்தார். மற்றவர் ஆற்றோடு போனார். தண்ணீருக்கு மேல் தலை தெரிகிற வரையில் தேனீ காத்திருக்கும். அதற்குப் பொறுமை உண்டு. நமக்குத்தான் மூச்சு இல்லை.

ருட்யார்ட் கிப்ளிங் 1895-ல் வெளியிட்ட இரண்டாவது காட்டுப் புத்தகத்தில், மௌக்ளி என்ற பையன் செந்நாய்க் கூட்டத்தை மலைத்தேனீக்கள் வாழும் பள்ளத்தாக்குக்கு இழுத்துக்கொண்டு போய் ஆற்றில் குதிக்கிறான். தேனீ அண்டாமல் இருக்க உடம்பெல்லாம் காட்டுப் பூண்டைத் தேய்த்துக்கொள்கிறான். பூண்டு பலிக்குமா என்று சோதித்துப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது: மேலே எதையாவது பூசிக்கொண்டால் தப்பிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. 1946-ல் அமெரிக்க ராணுவத்தார் 'டீட்' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1957 முதல் அது பொதுமக்களுக்கும் கிடைத்தது. கொசுவுக்கு அது எமன். தேனீக்கோ அது ஒரு பொருட்டே அல்ல. காரணம் எளிது. கொசு நம்மைத் தின்ன வருகிறது. சாப்பாட்டின் வாசனையை மறைத்துவிட்டால் வழி தெரியாமல் போய்விடும். தேனீ சாப்பிட வரவில்லை. தன் வீட்டைக் காக்க வருகிறது. வீட்டைக் காக்க வருகிறவனைத் தைலத்தால் திருப்பி அனுப்ப முடியுமா?

இலங்கையில் சிகிரியாக் குன்று இருக்கிறதே, 600 அடி உயரம், அங்கே இந்தப் பாடத்தை இரும்பிலேயே வார்த்து வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியபன் அதன் உச்சியில் அரண்மனை கட்டினான். 1890-களில் எச். சி. பி. பெல் என்ற தொல்பொருள் அதிகாரி காட்டை வெட்டி அகழ்ந்தபோது, காசியபனுடைய சேனை போய்விட்டாலும் அவனுடைய பாறையைத் தேனீக்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று தெரிந்தது. வேலையாட்கள் அடிக்கடி கொட்டு வாங்கினார்கள். உச்சிக்கு ஏறும் சிங்கப் பாதத்து மேடையில் பின்னர் கம்பி வலையால் ஒரு கூண்டு அமைத்தார்கள். தேனீ வந்தால் மனிதர்கள் கூண்டுக்குள் போய் அடைந்துகொள்ள வேண்டும். சத்தம் செய்யாதீர்கள் என்று அங்கே பலகையும் உண்டு. மிருகக்காட்சிசாலையில் நாம் கண்ட ஏற்பாடு அங்கே தலைகீழாகிவிட்டது. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. அது அவற்றின் பாறை.

இப்படி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் காப்பு என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். வாசனை வேண்டாம், கறுப்பு வேண்டாம், ஆட்டம் வேண்டாம். புகை அபாய வாசனையை மறைக்கும். புகை கண்ட தேனீக்கள் தேனை வயிறு முட்டக் குடித்துவிட்டு மந்தமாகும். கொட்டிவிட்டால் நிற்காமல் ஓடிக் கூரைக்குள் புக வேண்டும். கொடுக்கை எந்த விதத்தில் எடுத்தாலும் சரி, உடனே எடுக்க வேண்டும் என்று 1996-ல் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே எழுதிவிட்டார்கள். ஆனால் ஓடுவதற்கு வழியில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறவனுக்கு என்ன காப்பு?

அதற்கு விடை எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் ஒரு மூலையில் கிடைத்தது. ஆனைமலைக் காடர்கள் பிரம்பு வளையங்களைச் சங்கிலியாகக் கோத்து, இருட்டில் பாறை விளிம்பிலிருந்து இறங்கித் தேன் எடுப்பார்களாம். மேலே அவனுடைய மனைவியோ மகனோ காவல் இருப்பார்கள், யாரும் துரோகம் செய்துவிடாதபடி. நீலகிரிக் குறும்பர்களிடமும் மற்றப் பல மலைச் சாதியாரிடமும் கயிற்றைப் பிடிக்கும் உரிமை மனைவியின் சகோதரனுக்கு. ஏன் என்று கேட்டால் சொல்வார்கள்: கூடப் பிறந்தவன் ஏதோ ஒரு கோபத்தில் கயிற்றை விட்டாலும் விடுவான், மைத்துனன் விடமாட்டான், விட்டால் அவனுடைய அக்காள் அல்லவா தாலியை இழப்பாள்! முகத்தில் முப்பத்தொரு கொடுக்குகளோடு இருந்த ஒரு மனிதர் ஏன் கையை எடுக்கவில்லை என்பது இதைப் படித்த அன்றுதான் எனக்கு முழுதும் புரிந்தது. கட்டியிருந்தது என் இடுப்பில்தான்; ஆனால் பிடிக்கிற கை அக்காள் புருஷனுக்காகப் பழகின கை. அந்தக் கைக்கு ஆள் வித்தியாசம் தெரியவில்லை.

இதெல்லாம் புரிந்தது நாவல் வெளிவந்த பிறகு. நாவலில் நான் எழுதியது இதுதான்: அதியமான் தன்னந்தனியே மலை ஏறுகிறான், கருவண்டுகள் சூழ்கின்றன, வாளைச் சுழற்றுகிறான், கனியைப் பறித்துக்கொண்டு இறங்குகிறான். வாசகர்கள் வெகுவாகப் பாராட்டிய அத்தியாயம் அது. பாட்டியின் "ராஜாவை எப்படிடா கொட்டும்?" என்ற பதிலை முப்பது பக்கத்துக்கு நீட்டியிருந்தேன், அவ்வளவே. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பென்னாகரம் போனேன். பெரியவருடைய பேத்தி அந்த அத்தியாயத்தை உரக்கப் படித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாள் சுழலும் இடத்தில் லேசாகச் சிரித்தார். முடிந்ததும் கேட்டார்:

"எல்லாம் சரிதாங்க, தம்பி. ராசா ஏறினாரு. கயிறு யாரு புடிச்சாங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஔவையின் பாட்டிலும் இல்லை; ஜம்பைக் கல்லிலும் இல்லை. கனியைத் தந்தவன் பெயர் இருக்கிறது. உண்டவள் பெயர் இருக்கிறது. தகடூர் மன்னன் உண்மையில் தன் கையாலேயே பறித்தானோ, ஆள் விட்டுப் பறித்தானோ, எப்படி இருந்தாலும் அந்தப் பிளவுக்கு மேலே இரண்டு கையும் வேலையாக இருந்த ஒருவன் நின்றிருக்க வேண்டும். ஈராயிரம் வருஷத்துப் பாட்டு அவனை மறந்தது போகட்டும். அவனால் உயிர் பிழைத்து வீடு வந்து சேர்ந்த நானே மறந்தேன் என்றால், அதற்கு எந்தப் புலவன்மேல் பழி போடுவது?

பெரியவர் இப்போது இல்லை. இந்த வருஷம் நாவலின் புதிய பதிப்புக்கு ஏற்பாடு ஆகியிருக்கிறது. நெல்லிக்கனி அத்தியாயத்தைத் திருத்தினேன். வாளை எடுத்துவிட்டேன். பந்தமும் கம்பளியும் வந்தன. மேலே, பாறை விளிம்பில், காலை ஊன்றிக்கொண்டு ஒருவன் நிற்கிறான். தலையில் வாசனை எண்ணெய் இல்லாமல் மறுபடியும் அந்த ஊருக்குப் போய், மைத்துனரிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. இடது புருவத்தில் அன்றைய வீக்கத்தின் தழும்பு ஒன்று சின்னதாக இருக்கிறது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பேர் வைக்கவில்லை. உங்கள் பேரையே வைக்கட்டுமா?" என்றேன்.

"பேரு எதுக்குங்க?" என்றார். பிறகு ஏதோ சந்தேகம் வந்தவர் போல, "அந்த ஆளு ராசாவுக்கு என்னா மொறைன்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"தம்பி என்று எழுதியிருக்கிறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, அத மொதல்ல மாத்துங்க" என்றார். "மச்சான்னு போடுங்க."

மாற்றிவிட்டேன்.